திறந்த வாயின் கேள்விகள்: பல், பார்வை, வெண்மை பற்றிச் சில குறிப்புகள்

1

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்த பிறகு யாராலும் பேச முடியாது. வாய் திறந்துதான் இருக்கிறது. ஆனால் உள்ளே சிறு கண்ணாடி, கொக்கி, எச்சிலை உறிஞ்சும் குழாய் மூன்றும் கிடக்கின்றன. டாக்டர் ஏதாவது கேட்டால் 'ஆ', 'ம்' என்ற இரண்டு ஒலிகளில் பதிலை முடித்துக்கொள்ள வேண்டியதுதான். எனவே நோயாளியின் கேள்விகள் எல்லாம் நாற்காலிக்கு முன்போ பின்போ கேட்கப்படுகின்றன. காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்து ஆளிடம் கேட்பார்கள். மருந்துக்கடைக்காரரிடம் கேட்பார்கள். டாக்டரிடம் கேட்டால் அவர் சிரித்துவிடுவாரோ என்ற பயம் இருக்கிறது. பெரும்பாலும் சிரிக்கவும் செய்கிறார்.

மிஷேல் பூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூலில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவரின் கேள்வியே மாறிவிட்டது என்று காட்டுகிறார். உனக்கு என்ன செய்கிறது என்று நோயாளியின் கதையைக் கேட்ட இடத்தில், எங்கே வலிக்கிறது என்று உடலின் ஒரு புள்ளியைக் கேட்கும் பார்வை வந்து அமர்ந்தது. கதை போனது, இடம் நின்றது. இந்தச் சட்டகத்தை வாய்க்குள் கொண்டுபோனவர் சாரா நெட்டில்டன். 1992இல் வந்த அவருடைய நூல், பல் மருத்துவம் குழந்தைகளின் வாயையும் அவர்களுடைய தாய்மார்களின் பொறுப்பையும் எவ்வாறு ஒரு கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவந்தது என்று பேசுகிறது.

இங்கே நான் செய்ய நினைப்பது சின்ன வேலை. நம்ம ஆட்கள் பல்லைப் பற்றி வழக்கமாகக் கேட்கிற சில கேள்விகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு அறிவியல் சொல்லும் பதிலையும், அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது. 'மூடநம்பிக்கை' என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டால் பதில் சொன்ன மாதிரி ஆகாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பென்னாகரம் பக்கத்துக்காரன். எனக்குக் கறைப்பல். இந்தக் கட்டுரை அந்தக் கறையிலிருந்து எழுதப்படுவது.

2

முதல் கேள்வி, எல்லோருக்கும் தெரிந்தது. "ஏங்கண்ணு, மேல்பல்லப் புடுங்குனா கண்ணு போயிரும்னு சொல்றாங்களே, நெசமா?"

என் அம்மா இந்தக் கேள்வியோடு நான்கு வருடம் வலியைச் சுமந்தாள். பதில் எளிமையானது. பார்வைக்கு உரிய நரம்பு வேறு, பல்லுக்கு உரிய நரம்பு வேறு. மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய பகுதிக்கும், இன்னொன்று மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் உணர்வைக் கொடுக்கின்றன. பார்ப்பதற்கான நரம்பு இதில் சேராது. அது கண்ணிலிருந்து தனியாகப் போகிறது. பல்லைப் பிடுங்குவதால் அதற்கு எதுவும் ஆவதில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு டாக்டர் நிறுத்திக்கொள்கிறார். ஆனால் நம்பிக்கை சும்மா முளைப்பதில்லை. மேல் கோரைப்பல் வலிக்கும்போது அந்த வலி கண்ணுக்குக் கீழே இழுப்பது அனுபவ உண்மை. ஒரே நரம்பின் கிளைகள் என்பதால் மூளை இடத்தைக் குழப்பிக்கொள்கிறது. அந்தப் பல்லின் வேரில் சீழ் பிடித்தால் கன்னம் வீங்கி, இமை மூடிக்கொள்ளும் அளவுக்குப் போவதும் உண்டு. இன்னொரு விஷயம் வயது. நம் ஊரில் பெரியவர்கள் பல்லைப் பிடுங்கப் போவது பெரும்பாலும் நாற்பதுக்கு மேல். வெள்ளெழுத்து வருவதும் அதே வயதில்தான். பல் போன வருடத்தில் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போன ஒரு பெண், இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டதில் என்ன அதிசயம்? அவள் கவனித்தது சரி. காரணம் சொன்னதில்தான் பிசகு.

உண்மையில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. பிடுங்க வேண்டிய மேல்பல்லைப் பிடுங்காமல் விட்டால், சீழ் முகத்தின் இரத்தக் குழாய்கள் வழியே கண்குழிக்கும், மிக அரிதாக மூளைப் பக்கத்துக்கும் போகக்கூடும். கண்ணைக் காப்பாற்றப் பல்லை வைத்திருப்பவருக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

3

"பல்ல சுத்தம் பண்ணுனா ஆட ஆரம்பிச்சிரும்." இதுவும் அனுபவத்திலிருந்து வருவதே.

பல்லின் மேல் படியும் மெல்லிய அழுக்குப் படலத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. துலக்காமல் விட்ட இடத்தில், எச்சிலில் உள்ள சுண்ணச் சத்து சேர்ந்து அது காரையாக இறுகுகிறது. காரை ஈறுக்கு அடியில் இறங்க இறங்க, ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இது வலிக்காது, அதுதான் பிரச்சினை. எலும்பு போன பிறகும் பல் அசையாமல் நிற்பதற்குக் காரணம், பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் சிமெண்டு மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும் அந்தக் காரைதான். அதை எடுத்ததும் இத்தனை நாள் மறைந்திருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. நாலு நாள் கூசுகிறது. நோயாளிக்குத் தோன்றுவது இதுதான்: 'நல்லா இருந்த பல்ல நோண்டிக் கெடுத்துட்டான்.'

சுவர் விரிசலை மறைத்திருந்த காலண்டரை எடுத்தவன்மேல் விரிசலுக்குப் பழி போடுகிற கதை இது. காரையை விட்டுவைத்தால் பல் தானாகவே விழும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் வேகமாக. ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவிடாது, சர்க்கரை ஈறு நோயை அதிகப்படுத்தும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

இதில் டாக்டர் தரப்பின் பிழையும் உண்டு. சுத்தம் செய்வதற்கு முன் கண்ணாடியைக் கையில் கொடுத்து, "பாருங்க, இது கல்லு, இது எடுத்தா இங்க சந்து தெரியும், பல் கொஞ்சம் ஆடலாம்" என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். முன்னால் சொன்னால் அது விளக்கம். பின்னால் சொன்னால் அதே வாக்கியம் சமாதானமாகிவிடுகிறது. நோயாளி சமாதானங்களை நம்புவதில்லை.

4

அடுத்தது பல் பூச்சி. கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு வாயில் புகை பிடித்தால் பூச்சி உதிரும் என்ற வழக்கம் நம்மிடம் உண்டு. பல்லைப் புழு அரிக்கிறது என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. பாபிலோனியக் களிமண் ஏடுகளிலேயே பல் புழுவின் கதை இருக்கிறது. 1728இல் பாரிசில் பல் மருத்துவத்துக்கு முதல் முழுமையான நூலை எழுதிய பியேர் ஃபோஷார், தாம் அப்படி ஒரு புழுவைக் கண்டதில்லை என்று எழுதினார். 1890இல் வில்லபி மில்லர், வாயில் உள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுவதால்தான் பல் கரைகிறது என்று விளக்கினார்.

ஆக, 'பூச்சி' இருக்கத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். அது பல்லைத் தின்பதில்லை. நாம் தின்னும் இனிப்பைத் தின்று அமிலத்தை வெளியே விடுகிறது. வாயின் அமிலத்தன்மை அளவு 5.5க்குக் கீழே இறங்கும்போது பல்லின் வெளிப்பூச்சு கரையத் தொடங்குகிறது. எச்சில் அதை மெல்ல மேலே தூக்கி, கரைந்த தாதுவைத் திருப்பிக் கொடுக்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இங்கிருந்துதான் முக்கியமான ஒன்று புலப்படுகிறது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே பெரிய விஷயம். விருந்தில் ஒரே மூச்சில் நான்கு லட்டு தின்பவனுடைய பல்லுக்கு ஒரு தாக்குதல். காலை முதல் மாலை வரை ஏழு டீயைச் சர்க்கரை போட்டுக் குடிக்கும் லாரி ஓட்டுநருக்கு ஏழு தாக்குதல். பன்னும் டீயும் மத்தியானச் சாப்பாடாகிப்போன கட்டடத் தொழிலாளியின் எச்சிலுக்கு ஓய்வே இல்லை. 'இனிப்பைக் குறைங்க' என்று சீட்டில் எழுதிக் கொடுக்கும் அறிவுரை, அவருடைய வேலை நேரத்தையும் கூலியையும் பார்ப்பதில்லை. சொத்தைக்கு வர்க்கம் உண்டு.

சிகிச்சையிலும் உண்டு. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் இரண்டு வழிகள். ஒன்று பிடுங்குவது. இன்னொன்று வேர் சிகிச்சை: உள்ளிருக்கும் நரம்பையும் ரத்தக் குழாயையும் எடுத்துவிட்டு, குழாயைச் சுத்தம் செய்து, குட்டா பெர்ச்சா என்ற மரப்பாலால் அடைத்து, மேலே கேப் போடுவது. மலேயா, சுமத்ரா காடுகளிலிருந்து காலனியம் கறந்துகொண்டுபோன பால் அது. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்தது, இன்றும் நம் பல்லுக்குள் இருக்கிறது. "ரூட் கேனால் பண்ணுனா பல் செத்துப் போயிருமா?" என்று கேட்கிறார்கள். உள் நரம்பு போய்விடும். ஆனால் பல்லைச் சுற்றியுள்ள எலும்பும் ஈறும் உயிரோடு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், மெல்ல முடியும். சொத்தையும் துளையும் தின்றது போக மிச்சமிருப்பது கொஞ்சம்தான் என்பதால் கடைவாய்ப்பல் பிளந்துவிடக்கூடும், அதற்காகத்தான் கேப். "புடுங்கிருங்க டாக்டர்" என்று சொல்பவர்கள் பலரும் இந்தக் கணக்கு தெரியாதவர்கள் அல்லர். கேப்புக்கும் மூன்று நாள் கூலிக்கும் வழி இல்லாதவர்கள்.

5

இனி அழகு. இதுவரை பேசிய கேள்விகளில் பயம் இருந்தது. இந்தக் கேள்விகளில் வெட்கம் இருக்கிறது.

"பல்ல வெள்ளையாக்க முடியுங்களா?" முடியும். பெராக்சைடு என்ற வேதிப்பொருள் பல்லின் வெளிப்பூச்சு வழியே உள்ளே போய், நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. 1989க்குப் பிறகு, அச்செடுத்த மெல்லிய தட்டில் மருந்தை வைத்து இரவில் மாட்டிக்கொள்ளும் முறை பரவியது. நிறம் நிரந்தரமல்ல, மாதங்கள் அல்லது ஓரிரு வருடங்களில் மங்கும். செய்த சில நாட்களுக்குப் பல் கூசும். அடைத்த பல்லும் கேப் போட்ட பல்லும் வெளுக்காது. ஆகவே வாயில் இரண்டு நிறம் ஏற்படலாம்.

"உமிக்கரி, உப்பு, செங்கல் தூள்?" இவை தேய்க்கும், வெளுக்காது. பல்லின் வெளிப்பூச்சில் உயிரணுக்கள் இல்லை. அதை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. தேய்ந்தது தேய்ந்ததுதான். பூச்சுக்கு அடியில் இருப்பது இயல்பாகவே மஞ்சள். வெண்மைக்காக அழுத்தித் தேய்ப்பவர் கடைசியில் மஞ்சளுக்குப் போய்ச் சேருகிறார்.

வெண்மையை அளப்பதற்கு டாக்டரிடம் ஒரு கருவி உண்டு. பீங்கான் பல் மாதிரிகள் பதினாறு, ஒரு பட்டையில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பார்கள். ஏ, பி, சி, டி என்று நான்கு குடும்பம். கேப் போடும்போது பக்கத்துப் பல்லோடு நிறம் பொருந்த வேண்டும் என்பதற்காக வந்தது இது. அதாவது முதலில் இது உங்கள் பல்லைப் பின்தொடர்ந்தது. வெளுப்பாக்கும் தொழில் வளர்ந்த பிறகு, இந்த வரிசைகளில் இயற்கைப் பற்களின் வழக்கமான எல்லைக்கு மேலான வெண்மைகளும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. இப்போது உங்கள் பல் பட்டையைப் பின்தொடர வேண்டும். ஒரு நெறி எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்பதைக் கோட்பாட்டு நூலில் தேட வேண்டாம். டாக்டரின் மேசையில் பார்க்கலாம்.

பீங்கான் தகடு ஒட்டும் முறையின் வரலாறும் இதையே சொல்கிறது. 1930களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர், நடிகர்கள் காமிரா முன்னால் நிற்கும் நேரத்துக்கு மட்டும் முன்பற்களில் மெல்லிய தகடுகளைத் தற்காலிகமாக ஒட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடலாம். 1955இல் மைக்கேல் பூனோகோர், பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். 1980களில் பீங்கான் தகடும் அந்த வழியில் நிலையாக ஒட்டிக்கொண்டது. காமிராவுக்கான புன்னகை வீட்டுக்கும் வந்துவிட்டது. அதற்காகப் பல்லின் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவு சீவ வேண்டியிருக்கும். சீவியது திரும்பாது. தகடு சில வருடங்களில் பெயர்ந்தாலோ உடைந்தாலோ மறுபடி போட வேண்டும். இருபது வயதில் தொடங்கினால் ஆயுள் முழுக்கச் செலவு. 'ஸ்மைல் டிசைன்' என்று பலகை எழுதியிருக்கும் இடங்களில் இந்தக் கணக்கை நோயாளி கேட்டால்தான் சொல்வார்கள்.

எத்துப்பல்லுக்குக் கம்பி கட்டலாமா, எந்த வயதுவரை கட்டலாம் என்றும் கேட்கிறார்கள். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் பெரியவர்களுக்கும் கட்டலாம், காலம்தான் கூடுதலாகும். கம்பியை எடுத்த பிறகு பல் பழைய இடத்துக்கே நகரப் பார்க்கும் என்பதால் பிடிப்புத் தட்டை ஒழுங்காக மாட்ட வேண்டும். இந்தக் கேள்வியைப் பெண் பிள்ளையின் தாய் கேட்கும் தொனியும் பையனின் தாய் கேட்கும் தொனியும் ஒன்றல்ல. பெண் பார்க்க வருபவர்களின் கண் பல் மருத்துவரின் கண்ணுக்கு முன்பே வாய்க்குள் நுழைந்துவிடுகிறது.

6

இப்போது என் பல்லுக்கு வருகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தி, "பல்லு வெளக்குற பழக்கமே இல்லையாடா?" என்றார். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே கறை. சிரித்தவர்களும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார்கள். நான் அன்று முதல் செங்கல் தூளால் தேய்க்க ஆரம்பித்தேன். கறை போகவில்லை, ஈறு கிழிந்தது.

1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்சுக்குப் போன ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், ஊர்க்காரர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்தார். முப்பது வருடத் தேடல். 1931இல் அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர் சர்ச்சில், அப்படிப்பட்ட ஊர்களின் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் என்று கண்டுபிடித்தார். அடுத்த சில வருடங்களிலேயே, 1937இல், சென்னை மாகாணத்தில் ஃப்ளூரைடு நோய் இருப்பதை கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். நெல்லூர்ப் பக்கத்து ஊர்கள் அவை. ஆகவே என் வாத்தியார் கேள்வி கேட்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதில் இங்கேயே அச்சில் இருந்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் அடியில் கெட்டிப் பாறை. அதிலுள்ள ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை குறைந்து, ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரை, ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் ஏழெட்டு வயதுக்குள் குடித்தால், வெளிப்பூச்சு சரியாக இறுகாமல் போகிறது. சுண்ணாம்புத் திட்டுகள், பிறகு பழுப்பு, சில பற்களில் குழி. அளவு இன்னும் கூடி, வருடக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளையும். முளைப்பதற்கு முன்பே எழுதப்பட்ட கறையை எந்தப் பல்பொடியும் துலக்க முடியாது.

இதில் ஒரு முரண். கறையுள்ள பற்களில் சொத்தை குறைவு என்பதை மெக்கே கவனித்திருந்தார். அதன் வழியே 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் குடிநீரில் அளவாக ஃப்ளூரைடைக் கலந்தார்கள். பின்னால் அது பற்பசைக்குள் வந்தது. எங்கள் கிணற்றில் நோயாக இருப்பது எங்கள் பெட்டிக்கடையில் மருந்தாக விற்கிறது. "அப்ப பேஸ்ட்ட விட்டுரணுமா?" என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் விட வேண்டாம், பல்லின் மேற்பரப்பில் படும் சிறிய அளவு சொத்தையைத் தடுக்கும். சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடுவதால் அரிசி அளவு, கொஞ்சம் வளர்ந்தால் பட்டாணி அளவு போதும். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூரைடு இல்லாத பசையா என்று டாக்டரிடம் கேட்டு முடிவுசெய்வது நல்லது.

கறைக்குச் சிகிச்சை உண்டு. லேசானதை அமிலமும் தேய்ப்புத் தூளும் கொண்டு மேலோட்டமாகச் சுரண்டலாம். கடுமையானதற்குத் தகடு. வெளுப்பாக்கினால் சிலருக்கு வெள்ளைத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு முன் ஆறு பற்களுக்குத் தகடு போட்டாள், இரண்டு பசுக்களை விற்று. அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒரு ஊரே குடித்த தண்ணீரின் கணக்கை ஒரு பெண்ணின் ஆறு பற்களில் தீர்க்கச் சொல்லும் ஏற்பாட்டை அழகு என்ற சொல்லால் மூடிவிட முடியாது.

ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃப்ளூரைடு பாதிப்பைத் தணித்தல் என்று இருக்கிறது. பல் மருத்துவத்தில் நான் கேள்விப்பட்ட மிகப் பெரிய சிகிச்சை அதுதான், நாற்காலியே இல்லாமல் செய்வது. எங்கள் தெருக்குழாயில் காவிரி வராத நாட்களில் பழைய போர்த் தண்ணீரைத்தான் பிடிக்கிறோம்.

7

நாற்காலியில் சாய்வதற்கு முன்பு கேட்க வேண்டியவை என்று சில. இந்தப் பல்லில் நோய் எது, தோற்றம் எது? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எவ்வளவு சீவுவீர்கள், அது திரும்புமா? எத்தனை வருடம் நிற்கும், மறுபடி எவ்வளவு ஆகும்? கருவிகளை ஆட்டோகிளேவில் போட்டீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் 2023இல் மூளைத் தொற்றால் இறந்ததாகவும், சுத்தம் செய்யாத கருவியால் திறந்து பயன்படுத்திய சலைன் பாட்டிலே அதற்கு வழி என்றும் ஆய்வு கண்டது. தட்டில் இருக்கும் கருவியைப் பற்றிக் கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது.

போன வருடம் என் தங்கை மகளுக்கு முன்பல் இரண்டு விழுந்து புதிதாக முளைத்தன. வெள்ளையா, திட்டு இருக்கா என்று வீட்டில் ஆளாளுக்கு அவளை வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் வாயைத் திறக்கச் சொன்னோம். என் அம்மாவும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஒரு பல்லில் ஓரமாகச் சின்னதாக வெள்ளைத் திட்டு. குழந்தை பொறுமை இழந்து வாயை மூடிக்கொண்டு, "எதுக்கு எல்லாரும் பாக்குறீங்க?" என்றாள்.